துவான் மாரியும் ஆறு கண் கிடங்கும்

நீலகண்டனுக்குப் பூமிநாதன் அறுநூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தான். கடை வாடகை பாக்கி. இன்றைக்கு அது ஒரு தொகையா என்று கேட்பார்கள். எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி உழவு மாடு பிடிக்கலாம். சித்திரை மாதம் ஒரு காலையில் பூமிநாதன் பட்டறைக்குப் போனால் கதவில் நீலகண்டனின் பூட்டுத் தொங்குகிறது. செய்து வைத்திருந்த பெட்டிகள் உள்ளே. சுத்தியலும் மரக் கொட்டாப்புளியும் கத்திரியும் மட்டும் வாசற்படியில்.

"தொழில் சாமானத் தடுத்த பாவம் எனக்கு வேணாம்டா. எங்கயாவது போயி அடிச்சிப் பொழச்சிக்க. காச மட்டும் கொண்டாந்து குடுத்துடு" என்றார் நீலகண்டன். நியாயஸ்தர்தான். நியாயஸ்தரிடம் சண்டை போட முடியாது என்பதுதான் கஷ்டம்.

பூமிநாதன் செய்தது தகரப்பெட்டி. காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூரில் நடவுக்குப் போகிறவளின் மகனாகப் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, நாகூரில் ஒரு பட்டறையில் அடியும் உதையும் வாங்கித் தொழில் படித்தவன். அவன் மடித்த மூலையில் நூல் நுழையாது. பெட்டியைத் திறந்து ஆற்றில் விட்டால் படகு மாதிரி மிதக்கும். கல்யாணச் சீருக்கும், துபாய்க்குப் போகிற பிள்ளைகளுக்கும், பிரெஞ்சுச் சர்க்கார் பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சுக்கே போய்ச் சேர்ந்த பட்டாளத்துக்காரர் குடும்பங்களுக்கும் அவன் செய்து கொடுத்த பெட்டிகள் இன்னும் எத்தனையோ கட்டிலுக்கடியில் துருப்பிடிக்காமல் கிடக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வது வழக்கம். பெருமைக்குத்தான் சொல்வது. உழைத்தவன் பெருமையை வேறு யார் வந்து சொல்வார்கள்?

சுத்தியலை மூட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கு அவன் அரசலாற்றங்கரையோரமாக நடந்தான். அங்கே பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுங்கக் கிடங்கு ஒன்று இருந்தது. சுங்கத்துக்கு அவர்கள் பாஷையில் 'துவான்'. வெள்ளைக்காரன் போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. காரைக்காலைச் சுற்றி எல்லை என்று ஒன்று இருந்தவரைக்கும் வருகிற மூட்டையையெல்லாம் அங்கே இறக்கி, பிரித்து, எடை போட்டு, வரி வாங்கினார்கள். எல்லை அழிந்ததும் வரி கேட்க ஆளில்லை. சர்க்கார் கட்டடம் என்பதால் யாரும் இடிக்கவில்லை. அதே காரணத்தால் யாரும் பூசவும் இல்லை. ஆற்றைப் பார்த்து ஆறு வளைவு. பாலத்துக்குச் சொல்வதுபோல அதையும் ஊரில் கண் என்றுதான் சொல்வார்கள். ஆறு கண்ணிலும் வௌவால், ஆட்டுப் புழுக்கை, உடைந்த சாராயப் புட்டி.

முதல் கண்ணைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பூமிநாதன் உட்கார்ந்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்?

அடுத்த வருஷம் தமிழ்நாட்டில் சாராயக் கடைகளை மூடினார்கள். காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது; இங்கே மூடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டு, ஊர் திரும்பத் தெம்பில்லாதவர்கள் கிடங்கில் வந்து சாய்ந்தார்கள். பூமிநாதன் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. காலையில் வந்து தகரத்தைத் தட்டினான், அவ்வளவுதான். போதை தெளியாதவன் காதுக்குத் தகரச் சத்தத்தைப் போல விரோதி கிடையாது. ஒரு மழைக்காலத்துக்குள் இடம் சுத்தமாகிவிட்டது. போலீஸ்காரரால் ஆகாததைப் பூமிநாதனின் சுத்தியல் செய்தது.

சத்தம் கேட்டு ஆட்களும் வந்தார்கள். தையற்காரர் சேக் அலாவுதீன் இரண்டாம் கண்ணில் மெஷினைப் போட்டார். பூமிநாதன் பெட்டி செய்தால் அதற்குக் கித்தான் உறை அவர் தைத்தார். சைக்கிள் ரிப்பேர் செல்லையன் ஒரு கண், ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் பாலகுரு ஒரு கண், முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிற பெரியநாயகி ஒரு கண். ஆறாவது கண் காலியாகக் கிடந்தது. அதில் பூமிநாதன் பெட்டி அடுக்கிக்கொண்டான். சுண்ணாம்பு அடித்தார்கள். ஒழுகிய கூரைக்குப் பூமிநாதன் தகரம் வெட்டிப் பொருத்தினான். இரண்டே வருஷத்தில் நீலகண்டன் கடனை வட்டியோடு அடைத்துவிட்டான். "வட்டி நான் கேக்கலையேடா" என்றார் அவர். "நான் குடுப்பேன்" என்றான் இவன்.

எழுபத்தேழு ஐப்பசியில் புயல் வந்தது. தென்னையெல்லாம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. கிடங்கு அசையவில்லை. ஆனால் புயலுக்குப் பிறகு நகராட்சியிலிருந்து ஆட்கள் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆபத்தானது என்று பட்ட சுவரில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார்கள். கிடங்கின் சுவரிலும் ஒன்று விழுந்தது. திங்கட்கிழமை இடிக்க வருவதாகச் செல்லையன் சேதி கொண்டுவந்தான்.

பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாலகுரு மனு எழுதலாம் என்றான். பூமிநாதன் ஆற்றுப் படித்துறைக்குப் போனான். புயலில் பெயர்ந்து கிடந்த ஒரு கல்லைத் தோளில் தூக்கி வந்து, கழுவி, மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, ஆறாவது கண்ணில் இரண்டு செங்கல்மேல் நிறுத்தினான். பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை.

அலாவுதீன் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னா பூமி, ஒனக்கு சாமி வந்துடுச்சா?"

"சாமி வரல பாய். கடப்பாறை வரப்போவுது. அதுக்கு முந்தி இவ வந்துட்டா."

"கல்லு எங்க எடுத்த?"

"படித்துறையில. துணி தொவைக்கிற கல்லு."

"அப்ப நல்லா அடி தாங்குன சாமிதான்" என்று சொல்லிவிட்டு அலாவுதீன் மறுபடி மெஷினை மிதித்தார்.

திங்கட்கிழமை கடப்பாறையோடு வந்த நாலு பேரும் கல்லைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வந்த வழியே போனார்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் பூமிநாதன் இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. அவன் வைத்த கல் என்பது ஊருக்கே தெரியும். அவன்தானே தண்டோரா போட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? மழையில் கல்லின்மேல் சொட்டுகிறது என்று ஒரு தகரக் கூடு செய்யத் தொடங்கினான். தொடங்கியவன் சும்மா கூடாகவா செய்வான்? வெள்ளைத் தகரத்தில் மூன்று அடுக்குக் கோபுரம், அடுக்குக்கு அடுக்கு ஆணி முனையால் தட்டிய ரோஜாப்பூ, உச்சியில் கலசம், உட்புறம் நீல வர்ணம். ஆட்கள் சும்மா தரையில் காசு போட்டுவிட்டுப் போனதால் பூட்டு வைத்த உண்டியல் ஒன்று. அலாவுதீன் சிவப்புத் துணியில் ஜரிகை ஓரம் வைத்து அம்மனுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார். வெயில் பட்டால் கோபுரம் பாலத்தில் போகிற பஸ் வரைக்கும் கண்ணைப் பறித்தது. பஸ்ஸிலிருந்தே ஜனங்கள் கும்பிட்டார்கள். தன்னுடைய வேலையைத்தான் கும்பிடுகிறார்கள் என்று பூமிநாதன் மீசையைத் தடவிக்கொண்டான்.

அப்புறம் அஞ்சுகம் வந்தாள். தலத்தெருக்காரி. இடுப்பில் பூக்கூடையோடு தெருத்தெருவாக நடந்து விற்பவள். புருஷன் இல்லை, அல்லி என்று ஒரே மகள். ஒரு மத்தியான வெயிலில் ஆறாவது கண்ணில் கூடையை இறக்கியவள், கல்லுக்கு ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். விளக்கு வைத்தாள். அல்லிக்கு அம்மை போட்டு, தழும்பில்லாமல் இறங்கியதும் அவள் ஊர் முழுக்கச் சொன்னாள். கல்லுக்குத் துவான் மாரி என்று பேர் வந்தது அப்போதுதான்.

"அஞ்சுகம், அது நான் படித்துறையிலேருந்து தூக்கியாந்த கல்லு" என்று பூமிநாதன் சிரித்தான்.

"எந்தச் சாமியண்ணே தானா நடந்து வந்துச்சி? எல்லாத்தையும் எவனோ ஒருத்தன் தூக்கித்தான் வச்சான். நீங்க வச்சீங்க. அதோட ஒங்க வேல முடிஞ்சிது" என்றாள் அவள்.

அவள் சொன்னதைப் பூமிநாதன் ரொம்ப நாள் யோசித்தான். அவன் செய்த பெட்டியும் அப்படித்தான். மூடி போட்டு விற்றுவிட்டால், அதில் பட்டுப் புடவை வைத்தாலும் பழந்துணி வைத்தாலும் செய்தவன் கேட்க முடியாது.

எண்பது ஆடியில் தருமபுரத்து முத்தையன் தலைமையில் ஒரு கமிட்டி கூடிக் கஞ்சி வார்த்தார்கள். எண்பத்தொன்றில் வெள்ளிக்கிழமை தகரம் தட்டக் கூடாது என்றார்கள். பூமிநாதன் தலையாட்டினான். செவ்வாய்க்கிழமையும் என்றார்கள். அதற்கும் ஆட்டினான். அவன் வைத்த சாமி. அவனே எப்படி மாட்டேன் என்பது?

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து திருஞானசம்பந்தம் வந்தார். இடிக்க வரவில்லை. சும்மா கிடக்கிற பொதுக் கட்டடங்களைச் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு முறையாக வாடகைக்கு விடலாம் என்று ஒரு ஏற்பாடு. கண்ணுக்கு மாதம் பதினெட்டு ரூபாய். ரசீது உண்டு, மின்சாரம் உண்டு. பூமிநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டு வருஷமாக எந்த நிமிஷமும் எழுப்பிவிடுவார்கள் என்றே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் ரசீதின் அருமை தெரியும்.

திருஞானசம்பந்தம் ஆறாவது கண்ணுக்கு வந்ததும் நின்றார். கும்பிட்டார். பிறகு நெற்றியைச் சொறிந்தார்.

"இது ஒண்ணு இடிக்குதுங்களே. சாமி இருக்குற எடத்த நான் பட்டறைன்னு எழுத முடியாது. கோயில்னு எழுதினா தேவஸ்தானம் பாத்துக்கும், நீங்க எல்லாரும் வெளிய வரணும். ஆடி முடியட்டும், புரட்டாசிக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவச் சொல்லுங்க. எனக்கு ரெண்டுமே சம்மதம்தான்."

கடப்பாறையை விரட்டிய கல், இப்போது ரசீதையும் விரட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் முத்தையன் காதுக்குப் போயிற்று. மறுவாரமே ஆட்களோடு வந்தார். "கோயில்னே எழுதச் சொல்லிடலாம் பூமி. ஒனக்கும் புண்ணியம். இப்போதைக்கு இந்த வருஷக் கஞ்சிக்கு அடுப்பு போட எடம் பத்தல. பாய் இருக்குற கண்ண வுட்டுக் குடுக்கச் சொல்லு. அம்மன் சன்னதியில அவரு எதுக்கு?"

பூமிநாதன் பதில் சொல்வதற்குள் அலாவுதீன் எழுந்து விட்டார். முகத்தில் கோபமில்லை. மெஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டினார். நூல்கண்டுகளைப் பையில் போட்டார்.

"என்னா பாய் பண்றீங்க?"

"ஒங்க ஆத்தாளுக்குப் பாவாட தச்சிக் குடுத்தேன். இப்ப அவளுக்கு எடம் பத்தலங்கிறாங்க. ஒரு கண்ணுதானே, குடுத்துட்டுப் போறேன். அல்லா எனக்கு வேற எடம் காட்டாமலா போவான்?"

"ஒக்காருங்க பாய்."

"நீ வச்ச கல்லு, பூமி. நீ சொல்லு. நான் ஒக்காரலாமா?"

பூமிநாதன் நூல்கண்டுப் பையை வாங்கி மெஷின்மேல் திரும்ப வைத்தான். பெல்ட்டை மட்டும் அலாவுதீன் மாட்டவில்லை.

மறுநாள் காலையில் அஞ்சுகத்தைத் தேடித் தலத்தெருவுக்கே போனான். கமிட்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருநாள் சாமியோடு இருப்பவர்கள். அவள்தான் தினமும் இருப்பவள். அவள் ஒத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். வாசலில் சாக்கை விரித்து அரளியைத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாவ வெளிய, ஆத்தங்கர வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோயிடலாம்னு பாக்குறேன். மேட கட்டித் தர்றேன். அந்தக் கோபுரத்தயே பெருசா செஞ்சி தர்றேன். இல்லன்னா அஞ்சு குடும்பம் தெருவுல நிக்கும்."

"ஆறு" என்றாள் அஞ்சுகம், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்புடி ஆறு?"

"ஆத்தா மரத்தடிக்குப் போயிடுவா. மழையும் வெயிலும் அவளுக்குப் புதுசில்ல. நான் எங்கண்ணே போவேன்? இருவது வருஷமா கூடைய எடுப்பு மேல வச்சித் தெருத்தெருவா நடக்குறேன். ஒரு எடத்துல ஒக்காந்து பூ கட்டுனது அந்த ஆறாவது கண்ணுலதான். எந்திரின்னு யாரும் சொல்லல. ஆத்தா பக்கத்துல ஒக்காந்திருக்குறவள யாரு எந்திரிக்கச் சொல்லுவா?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் சுத்தியல் மூட்டையோடு ஆற்றங்கரையில் நடந்தவனைப் பூமிநாதன் மறக்கவில்லை. ஆனால் பூக்கூடையோடு நடந்தவளும் அதே வெயிலில்தான் நடந்தாள் என்பது இத்தனை நாள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்தை என்று நினைத்திருந்தான். அவளும் ஒரு தொழிலாளி.

ஆத்தா போனதும் ஆறாவது கண்ணைத் தன் பேரில் எழுதிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருந்தான். துபாய்ப் பெட்டி ஓட்டம் ஓடுகிற நேரம். அடுக்கி வைக்க இடம் வேண்டும். அப்படியும் சொன்னான்.

"ஆறாவது கண்ணு ஒம் பேருலதான். சம்பந்தம் ஐயாகிட்ட நான் சொல்றேன். பூக்கடைன்னு எழுதட்டும்."

அஞ்சுகம் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க குடுத்துட்டீங்க. சரி. ஆனா ஆத்தா போறது ஒங்க கையிலயும் இல்ல, எங் கையிலயும் இல்ல. அவளக் கேக்கணும். பூ வச்சிக் கேப்போம். வலப்பக்கம் வுழுந்தா போறேங்கிறா. எடப்பக்கம் வுழுந்தா நீங்க எல்லாரும் சாமானக் கட்டுங்க."

"எடப்பக்கம் வுழுந்தா நீயே கூடைய எடுத்துக்கிட்டு நடக்க வேண்டியதுதான். தேவஸ்தானம் வேற ஆளுக்குக் கட குடுக்கும்."

"நடப்பேன்" என்றாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. முத்தையன் கூட்டத்தோடு வந்திருந்தார். அஞ்சுகம் குளித்து ஈரப் புடவையோடு, ஒற்றைச் செவ்வரளியைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் உச்சியில் வைத்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அலாவுதீன் தன் மெஷினுக்குப் பக்கத்தில், பெல்ட் போடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பூ விழவில்லை. மஞ்சள் அப்பிய கல்லில் ஈரப் பூ ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறியது. பெரியநாயகி முறுக்கு அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஆயிற்று.

"ஆத்தா போவ மாட்டேங்குறா. இன்னுமா புரியல?" என்றார் முத்தையன்.

"வுழாத பூ எதையும் சொல்லாதுங்க. இருங்க" என்றாள் அஞ்சுகம்.

பூமிநாதனுக்கு அன்று சாயங்காலம் ஒரு பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது. வாங்க வேண்டிய பையன் ராத்திரி பஸ்ஸில் மெட்ராஸ் போய், மறுநாள் விமானம் ஏற வேண்டும். மூடி மட்டும் பாக்கி. அவன் வாழ்நாளில் சொன்ன நேரத்துக்குப் பெட்டி கொடுக்காமல் இருந்ததில்லை. கல்லைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான்.

"மன்னிச்சிக்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு முதல் கண்ணில் போய் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தான்.

"வெள்ளிக்கெழமடா!" என்று முத்தையன் கத்தினார்.

தகரம் பேசத் தொடங்கியது. அந்தப் பழைய வளைவுகளில் சத்தம் ஏறி இறங்கி ஆறு கண்ணிலும் உருண்டது. பூ ஒருமுறை ஆடியது. வலப்பக்கம் சரிந்து, பாவாடை ஜரிகையில் பட்டுத் தரையில் விழுந்தது.

"அதிர்வுல வுழுந்துச்சி! இது செல்லாது" என்றார் முத்தையன்.

அஞ்சுகம் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாலு வருஷமா இந்த அதிர்வுக்கு நடுவுலதாங்க அவ ஒக்காந்திருக்கா. நான் தெனமும் பூ வச்சிருக்கேன். ஒரு நாளு ஒரு பூ வுழுந்துச்சா? சத்தம் இல்லாம கேட்டீங்க, அவ பேசல. சத்தம் கேட்டதும் பேசிட்டா. வேல நடக்கட்டுங்கிறா. இதுக்கு மேல என்னா வேணும் ஒங்களுக்கு?"

கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். பல பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முத்தையனும் கடைசியில் போட்டுக்கொண்டார்; கூட்டத்தோடு நிற்காமல் ஊரில் எப்படித் தலைவராக இருப்பது?

அன்றைக்குக் கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக விழுந்ததா என்று பூமிநாதன் பின்னால் எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டான். தெரியவில்லை. மூடி நல்ல கெட்டித் தகரம். பலமாகத்தான் அடிக்க வேண்டும். அலாவுதீனும் ஒருமுறை கேட்டார். "பெட்டி நேரத்துக்குப் போச்சா இல்லயா, பாய்?" என்று இவன் திருப்பிக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் ஆத்தாவைப் பூமிநாதனே தோளில் தூக்கிக்கொண்டு போனான். வரும்போது இருந்த கனம் இல்லை என்று தோன்றியது. நாலு வருஷத்து மஞ்சள் சேர்ந்திருந்ததால் உண்மையில் கூடத்தான் இருந்திருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் மேடை, அதன்மேல் ஐந்தடுக்குத் தகரக் கோபுரம். அதைப்போல் ஒன்று சுற்றியிருக்கிற தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. வேண்டுமானால் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருஞானசம்பந்தம் சொன்னபடி எழுதினார். சுவரிலிருந்த பழைய சிவப்புக் குறியின்மேல் வெள்ளை அடித்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டார்கள். புரட்டாசி முதல் தேதியன்று பில் கலெக்டர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். பூமிநாதன் புது நோட்டாக நீட்டினான். ரசீதை வாங்கி, படிக்கத் தெரியாத இடத்தையும் தெரிந்த இடத்தையும் சேர்த்து இரண்டு முறை பார்த்தான். அலாவுதீன், செல்லையன், பாலகுரு, பெரியநாயகி எல்லாரும் கட்டினார்கள்.

ஆறாவது கண்ணில் அஞ்சுகம் சாக்கை விரித்து, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பில் கலெக்டர் வந்து நின்றதும் எழுந்திருக்கப் போனவள், எதையோ நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உள்ளே முழுக்கச் சில்லறை.

"நோட்டா இல்லியாம்மா?"

"மொழக் கணக்குல பூ விக்கிறவளுக்கு நோட்டு எங்கேருந்துங்க வரும்? கைய நீட்டுங்க."

அவர் ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து கையை நீட்டினார். அஞ்சுகம் பூநார் ஈரத்தோடு இருந்த விரல்களால், ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, பதினெட்டு ரூபாயையும் அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.